பதினாலு தசம் ஏழில் ஒரு பிணம்!

"ஐயோ...! ஓடி வாங்கோ...!"

சனிக்கிழமை. காலை ஏழே முக்கால்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் கிளம்பிய அந்த அலறலைக் கேட்டு, ஜெட்டியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். புல் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் வீதியைக் கடந்து ஓடின.

அலறியது இராசமலர். 'அஞ்சலோ பேர்ஃபோமன்ஸ்' கராஜுக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவள். அஞ்சலோவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பிளேன்ரீயோடு போனவள், கராஜின் ஷட்டரைத் தூக்கினாள். பிளேன்ரீக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

உள்ளே...

புகை!

புகைக்கு நடுவில் ஒரு சிவப்பு லான்சர் கார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரன்தான் நின்றுபோயிருந்தான்.

துவாரகன்!

ஸ்டியரிங்கில் தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கால்களில் செருப்பில்லை, சப்பாத்தில்லை... வெறுங்கால்!

டாஷ்போர்டில் ஒரு வட்ட மீற்றர் பச்சையாக மின்னியது.

14.7

அதாவது, என்ஜின் இழுக்கும் காற்றும் பெற்றோலும் கச்சிதமான அளவில் இருக்கிறதாம். எல்லாம் சுகமாம்!

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் அஞ்சலோ. நாற்பத்திரண்டு வயது. கராஜின் முதலாளி, தொழிலாளி, விளம்பரப் பலகை எழுதியவன் எல்லாம் அவன்தான். பாய்ந்து போய்க் காரில் தொங்கிய திறப்பைத் திருப்பினான். என்ஜின் அடங்கியது.

"டேய் துவா! எழும்படா!"

துவா எழும்பவில்லை.

அஞ்சலோ செய்த அந்த நல்ல காரியத்தால் திறப்பில் இருந்தது இப்போது அவனுடைய கைரேகை!

* * *

எட்டு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் சுதர்ஷிகா இறங்கினாள். ஒல்லி. உயரம். சிரிப்பைப் பொலிஸ் பயிற்சியிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தவள் போல ஒரு முகம். பின்னால் சார்ஜன்ட் வீரக்குட்டி. அவருக்கு முன்னால் அவருடைய வயிறு.

"செத்தது ஆர்?"

"துவாரகன், மேடம்" என்றார் வீரக்குட்டி. "வெடிச் சைலன்சர் துவாரகன். இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனா ஒவ்வொரு சந்தியிலயும் டமார் டுமீர் எண்டு சத்தம் போடும். அதை ஸ்டைல் எண்டு சொல்லுவான்."

"இவரோட பகை உள்ளவை ஆர் ஆர்?"

வீரக்குட்டி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார்.

"திருகோணமலை எண்டு எழுதட்டோ, மேடம்?"

"சார்ஜன்ட்!"

"இல்லை மேடம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு நடுவில வெடிச்சு, ஃபாதர் மேடைக்குப் பின்னால ஒளிச்சவர். பள்ளிக்கூடத்தில ஒருக்கா பெடியள் எல்லாம் மேசைக்குக் கீழ. நானே ரெண்டு தரம் வீதியோரக் கானுக்குள்ள படுத்தனான்."

சுதர்ஷிகா பிணத்தின் கால்களைப் பார்த்தாள்.

"சப்பாத்து எங்க?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல" என்றாள் இராசமலர், கண்ணைத் துடைத்தபடி. ஒரு கையில் சேலைத் தலைப்பு. மறு கையில் போன். "அந்தத் தம்பி சிவப்பு ரேசிங் சப்பாத்தைக் கழட்டவே கழட்டாது. அதைக் கழட்ட வேணும் எண்டு கோயிலுக்கும் வெளியில நிண்டுதான் கும்பிடும்."

"போன்ல என்ன செய்யிறீங்கள்?"

"நேரலை, மேடம். நானூறு பேர் பாக்கினம். ஒருக்கா இஞ்சால திரும்பிறீங்களோ?"

"நிப்பாட்டுங்கோ!"

இராசமலர் போனைத் தாழ்த்தினாள். நிறுத்தவில்லை.

* * *

"அஞ்சலோ... நேற்று ராத்திரியில இருந்து எங்க நிண்டனீங்கள்?"

"வீட்ட, மேடம். நித்திரை."

"சாட்சி?"

"தலகாணி."

"மனுசி?"

"மூதூருக்குத் தாய் வீட்ட போயிட்டா."

"கராஜ் பூட்டியிருந்ததோ?"

"பூட்டு உடைஞ்சு மூண்டு மாசம், மேடம். ஊருக்கே தெரியும். உள்ள களவெடுக்க என்ன இருக்கு?"

"இந்தக் கார் எப்ப இஞ்ச வந்தது?"

"நேற்றுப் பின்னேரம் துவாரகன்தான் கொண்டந்து விட்டிட்டு நடந்து போனவன்."

"நடந்தோ? கோவிச்சுக்கொண்டோ?"

அஞ்சலோ வாயைத் திறந்தான். அவனுக்குப் பதிலாக இராசமலர் முந்திக்கொண்டாள்.

"பெரிய சண்டை, மேடம்! அந்தத் தம்பி கத்தினது, 'என்ர என்ஜின் தட்டுது, நீ டியூன் பண்ணின லட்சணம் இது' எண்டு. அதுக்கு அஞ்சலோ சொன்னது..."

"அக்கா, வேண்டாம்..."

"...'இன்னொருக்கா என்ர டியூனைப் பிழை எண்டா உன்னைச் சாக்கொல்லுவன்' எண்டு!"

கூட்டம் 'ஆ' என்றது. சுதர்ஷிகாவின் புருவம் உயர்ந்தது.

"சொன்னனீங்களோ?"

"சொன்னனான், மேடம். ஆனா அதுக்குப் பிறகு நல்ல புத்தியும் சொன்னனான். என்ஜின் தட்டுறது பெற்றோலின்ர குற்றமாவும் இருக்கலாம், டாங்கில இருந்து ஒரு போத்தில்ல எடுத்து வைச்சு மணந்து பார் எண்டனான். போத்திலோடதான் போனவன்."

"டியூன், டியூன் எண்டுறியள்... அது என்ன கோதாரி?" என்று கேட்டார் வீரக்குட்டி.

அஞ்சலோவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிணம் பக்கத்தில் கிடப்பதைக் கூட மறந்தான்.

"சோறு காய்ச்சத் தண்ணி அளக்கிற மாதிரி, சேர். என்ஜின் காத்தையும் பெற்றோலையும் கலந்து எரிக்குது. நிறையில பதினாலு தசம் ஏழு பங்கு காத்து, ஒரு பங்கு பெற்றோல். அதுதான் சரியான கணக்கு. பெற்றோல் கூடினா நஞ்சுப் புகை. குறைஞ்சா சூடேறி பிஸ்டன் உருகிப் போகும். ஆனா காலை வைச்சு அமத்தி ஓடேக்க..."

"கணக்கைப் பன்ரண்டரைக்குக் கொண்டு வர வேணும்" என்றாள் சுதர்ஷிகா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மேடத்துக்கு எப்பிடி..."

"பொலிசுக்கு எல்லாம் தெரியும். சார்ஜன்ட், இவரைச் சோதியுங்கோ!"

வீரக்குட்டி அஞ்சலோவின் காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் கையை விட்டார். ஒரு துணிப் பொட்டலம். அவிழ்த்தால், கட்டைவிரல் அளவில் ஒரு இரும்புச் சாமான். ஒரு முனையில் வயர்.

"இது என்ன?"

அஞ்சலோவின் நெற்றியில் குப்பென்று வியர்த்தது.

"ப... பழைய பிளக், சேர்."

"வயரோடயோ?"

"அது... ஒரு விதமான பிளக்."

வீரக்குட்டி தோளைக் குலுக்கிவிட்டு அதைத் திருப்பிப் பொக்கெற்றிலேயே போட்டார்.

அதே நேரம் சுதர்ஷிகாவின் போன் அலறியது. சட்ட வைத்திய அதிகாரி! அவர் அனுப்பியிருந்த டொக்டர் ஏற்கனவே உடலைப் பார்த்து, காரில் இருந்து இறக்கி அம்புலன்சில் ஏற்றியிருந்தார்.

"சொல்லுங்கோ டொக்டர்... ஓம்... புகையின்ர நஞ்சுதானோ? நேரம்? அஞ்சுக்கும் ஆறுக்கும் இடையில... நன்றி."

போனை வைத்தாள். அஞ்சலோவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் விளக்கமறியலின் கம்பிகள் தெரிந்தன.

* * *

"எக்ஸ்கியூஸ் மீ, மேடம். இது ஒரு விஞ்ஞானபூர்வமான கொலை!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான் மெல்ரோய். தலையில் கறுப்புக் கண்ணாடி. நெஞ்சில் 'ஸ்பீட் கிளப் - செயலாளர்' என்று எழுதிய டீசேட். டூரிஸ்டுகளைத் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகும் ஊரறிந்த வெள்ளைப் படகு ஒன்று அவனுக்கு இருக்கிறது. படகுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கொட்டில். அதில் நீலக் கானில் விற்பான், 'நூறு ஒக்டேன் ரேசிங் பெற்றோல்'. கிளப்பில் ஓடும் எல்லாக் காரும் அதைத்தான் குடித்தன.

"நீங்கள் ஆர்?"

"துவாரகன்ர உயிர் நண்பன்." கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, ஒரு விம்மல் விம்மி, மறுபடி தலைக்கு ஏற்றினான். "மேடம், உயிரோட இருக்கிற சாட்சி பொய் சொல்லும். கார் பொய் சொல்லாது. நீங்கள் வர முதலே, சாட்சி அழிஞ்சிடக் கூடாதெண்டு காரின்ர கொம்பியூட்டரில வயரைக் குத்தி எடுத்துப் போட்டன். பாருங்கோ!"

ஒரு தாளை நீட்டினான்.

கலர் கிராஃப். பளபளவென்று லமினேட் வேறு!

"இது சைலன்சர் குழாயில இருக்கிற சென்சர் அளந்தது. காலமை அஞ்சு இருபதில இருந்து, ஒரே கோடு. பாத்தீங்களோ நம்பரை? பத்து தசம் ரெண்டு!"

"பத்தோ!" என்றாள் சுதர்ஷிகா.

"பத்து! காத்துக்குப் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போச்சு. குழாயால வந்தது முழுக்க நஞ்சு. இந்தக் காரின்ர டியூனை மாத்த இந்த ஊரில ஒராளுக்குத்தான் தெரியும்." விரல் நீண்டது. "மன்னிச்சுக்கொள் மச்சான். நீதான் துவாவைக் கதை பேசி உள்ள இருத்தி, ஷட்டரை இழுத்து விட்டனி!"

அஞ்சலோவின் முகம் சிவந்தது.

"பத்து தசம் ரெண்டோ? டேய்... பத்து தசம் ரெண்டோ?!"

"அதுதான் போட்டிருக்கு."

"மேடம்!" அஞ்சலோ நெஞ்சில் கை வைத்தான். "என்னைக் கொலைகாரன் எண்டு சொல்லுங்கோ, தாங்குவன். ஆனா நான் ஒரு காரைப் பத்து தசம் ரெண்டுக்கு டியூன் பண்ணினனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ! என்ர சீவியத்தில அப்பிடி ஒரு கேவலமான வேலை செய்யேல்ல!"

"தம்பி, கொலைக்குத்தான் நீர் உள்ள போகப் போறீர்" என்று ஞாபகப்படுத்தினார் வீரக்குட்டி.

"பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ, மேடம்! பத்தில ரெண்டு மணித்தியாலம் ஓடின என்ஜின் எண்டா பிளக் கரிச்சட்டி மாதிரி இருக்கும்!"

கழட்டினார்கள். பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. ஒரு பொட்டுக் கரியும் இல்லை.

"பாத்தீங்களோ!"

மெல்ரோய் சிரித்தான். "பிளக்கைத் துடைச்சு வைக்கலாம், மேடம். கிராஃபைத் துடைக்கேலுமோ? இது லமினேட்!"

சுதர்ஷிகா பிளக்கைப் பார்த்தாள். கிராஃபைப் பார்த்தாள். நீதவானுக்கு எதைக் காட்டினால் விளங்கும்? சந்தேகமே இல்லை. கலரில் இருப்பதுதான்!

"விலங்கைப் பூட்டுங்கோ, சார்ஜன்ட். பின்னேரம் மூண்டு மணிக்கு நீதவானுக்கு முன்னால நிறுத்த வேணும்."

க்ளிக்!

* * *

கராஜில் இருந்து ஜீப்புக்கு இருபது அடி தூரம்.

அந்த இருபது அடிக்குள் அஞ்சலோவின் மண்டைக்குள் ஒரு பெரிய யுத்தம்!

ஒரே ஒரு வசனம்... அதைச் சொன்னால் அவன் தப்பிவிடலாம். அந்தக் கிராஃப் பச்சைப் பொய் என்று ஒரு நிமிடத்தில் நிரூபித்துவிடலாம்.

ஆனால் சொன்னால்?

இந்த ஊரில் ஒருவன் கூட அதற்குப் பிறகு அவனிடம் ஒரு சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் வரமாட்டான். பத்து வருடமாகக் கட்டிய பெயர் கடலுக்குள் போகும்.

சொல்லாவிட்டால்? ஆயுள் முழுக்கக் கம்பி. ஒரு தடவை மனைவியின் முகம் வந்து போனது. 'பெயரைக் கழுவிக் குடிக்கவோ?' என்று அந்த முகம் கேட்டது.

பத்தொன்பதாவது அடியில் நின்றான்.

"மேடம்!"

"என்ன?"

"அந்தக் கிராஃப் பொய்."

"அதை நீதவானிட்ட சொல்லுங்கோ."

"இல்லை, மேடம். அது பொய்யாத்தான் இருக்க ஏலும். ஏனெண்டா..." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "...அந்தக் காரில சென்சரே இல்லை!"



இராசமலரின் போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆயிரத்து இருநூறு பேர் ஆனார்கள்.

"என்ன கதை இது?" என்றாள் சுதர்ஷிகா மெதுவாக. "டாஷ்போர்டில மீற்றர் கிடக்கு. காத்து, பெற்றோல் கணக்கைக் காட்டுது. காலமை இராசமலர் பார்க்கேக்க பதினாலு தசம் ஏழு காட்டினது."

"காருக்குக் கீழ படுத்துப் பாருங்கோ, மேடம். சைலன்சர் குழாயில, என்ஜினில இருந்து ரெண்டு முழத்தில."

வீரக்குட்டி காருக்குக் கீழே பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

சுதர்ஷிகாவே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, டோர்ச்சோடு உள்ளே நுழைந்தாள்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

கீழே இருந்து குரல் மட்டும் வந்தது. "சென்சர் பூட்டுற ஓட்டை கிடக்கு. ஆனா அதுக்குள்ள... ஒரு போல்ட் முறுக்கிக் கிடக்கு."

"துருப்பிடிச்சிருக்கோ, மேடம்?"

"நல்லாத் துருப்பிடிச்சிருக்கு."

"எட்டு மாசத் துரு, மேடம். ஒருத்தரும் இண்டைக்குப் பூட்டினதில்லை."

சுதர்ஷிகா வெளியே வந்தாள். மூக்கில் கிறீஸ். "அப்ப அந்த மீற்றர்?"

"திறப்பை ஒரு கட்டம் திருப்புங்கோ. என்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்."

திருப்பினாள். என்ஜின் மூச்சு விடவில்லை. ஆனால் மீற்றர் பச்சையாக மின்னியது.

14.7!

"இப்ப அக்சிலேற்றரைக் காலால அமத்துங்கோ."

அமத்தினாள்.

12.5!

"ஓடாத என்ஜினோ பன்ரண்டரை காட்டுது?"

"அது உள்ள ஒரு சின்ன சேர்க்கிட், மேடம்." அஞ்சலோ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சும்மா நிக்கேக்க ஒரு நம்பர், காலால அமத்தேக்க ஒரு நம்பர். கார்க்காரர் என்னத்தைப் பாக்க ஆசைப்படினமோ, அதைக் காட்டும். இத்தனை வருசத்தில ஒராளும் குறை சொன்னதில்லை."

"அப்ப உண்மையான சென்சர் எங்க?"

அஞ்சலோ, விலங்கு பூட்டிய கைகளால் பொக்கெற்றுக்குள் துழாவி, அந்தத் துணிப் பொட்டலத்தை எடுத்தான்.

"இதுதான், மேடம். ஊர் முழுக்க ஒண்டுதான்! டியூன் பண்ணேக்க பூட்டுவன். கார்க்காரர் பிளேன்ரீ குடிக்கப் போற நேரம் கழட்டிப்போட்டு போல்ட்டை இறுக்கிடுவன். பன்ரண்டு காருக்கும் இதுதான்."

"அதுதானோ!" இராசமலர் கத்தினாள். "அதுதானோ வாற ஆக்களை எல்லாம் என்ர கடைக்குத் தள்ளி விடுறனீர்! நான் பிளேன்ரீ நல்லா இருக்கெண்டு நினைச்சன்!"

"பிளேன்ரீயும் நல்லம்தான், அக்கா."

"மேடம்" என்றான் அஞ்சலோ உடைந்த குரலில், "டியூன் உண்மையான டியூன். அதில பொய் இல்லை. சென்சர்தான்..."

"எல்லாக் காரிலயும் போல்ட்தானோ?" சுதர்ஷிகாவின் குரல் திடீரென்று ஐஸ் பெட்டிக்குள் இருந்து வந்தது போல இருந்தது.

"எல்லாக் காரிலயும், மேடம்."

"பன்ரண்டிலயும்?"

"ஓம், மேடம்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

ஆனால் அதற்குள்...

"டேய்!!!"

மெல்ரோய்!

கண்ணாடி தலையில் இருந்து கீழே விழுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்ப என்ர காரில?"

"உன்ரயிலயும் போல்ட்தான், மச்சான்."

"என்ர காரிலயோ! கிளப் செயலாளற்ற காரிலயோ! நாலு வருசமா அந்த மீற்றரைப் பாத்துப் பாத்து ஓடினனானேடா! மனுசியை விட அதைத்தானேடா கூடப் பாத்தனான்!"

"பதட்டப்படாத, மச்சான்..."

"கள்ளா! சென்சர் இருக்கெண்டு உன்னை நம்பித்தானேடா, ஒரு மணித்தியாலம் கதிரையில குந்தியிருந்து, பத்து தசம் ரெண்டை ஒவ்வொரு புள்ளியாக் கீறினனான்!"



துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பல் கூடத் தன் சங்கை ஊதாமல் காத்திருந்தது போல இருந்தது.

மெல்ரோயின் வாய் இன்னும் திறந்திருந்தது. ஆனால் அதற்குள் இருந்து வெளியே வந்த வார்த்தைகளைத் திருப்பி உள்ளே எடுக்க வழி இல்லை.

"கீறினனீங்களோ?" என்றாள் சுதர்ஷிகா.

"இ... இல்லை மேடம்... கீறினது எண்டா... கலர் அடிச்சது..."

"இன்னொரு சின்னச் சந்தேகம், மெல்ரோய். ஏழே முக்காலுக்குத்தான் பிணத்தைக் கண்டது. எட்டரைக்கு நீங்கள் இதோட வந்தனீங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முதல் இந்த ஊரில லமினேட் பண்ணுற கடை எது? எனக்கும் ஒரு அவசரத்துக்கு உதவும்."

மெல்ரோய் கடைகளை யோசித்தான். கிடைக்கவில்லை.

"நே... நேற்றே..."

"ஆ... நேற்றே! இண்டைக்குக் காலமை காரின்ர கொம்பியூட்டரில எடுத்ததை, நேற்றே லமினேட்!" சுதர்ஷிகா அவனுடைய கால்களைப் பார்த்தாள். "உங்கட படகில ஏற முதல் டூரிஸ்ட் எல்லாம் சப்பாத்தைக் கழட்ட வேணுமோ?"

"ஓம்... வெள்ளைத் தரை... அழுக்காகும்..."

"கழட்டினதை எங்க போடுறவை?"

"ஜெட்டியில ஒரு நீலப் பெட்..."

நிறுத்தினான். முகம் காகிதம் போல வெளுத்தது.

"சார்ஜன்ட், ஜெட்டிக்கு ஒராளை ஓட விடுங்கோ!"

ஐந்து நிமிடம். வீரக்குட்டியின் போன் ஒலித்தது. கேட்டார். தலையாட்டினார்.

"நீலப் பெட்டிக்குள்ள ஏழு சோடி ரப்பர் செருப்பு, மேடம். ஒரு சோடி சிவப்பு ரேசிங் சப்பாத்து. கபினுக்குள்ள ஏசிக்குப் போற ஜெனரேற்றர்... அதின்ர புகைக் குழாயைக் கழட்டி உள்பக்கம் திருப்பிக் கிடக்காம். கதிரைக்குக் கீழ ஒரு போத்திலும் கிடக்காம். திறந்து மணந்தால் மண்ணெண்ணெய் நாறுதாம்."

மெல்ரோய் அப்படியே நிலத்தில் குந்தினான்.

"நான் என்ன செய்யிறது, மேடம்..." அழுதான். "நேற்றுப் பின்னேரமே துவா கோல் எடுத்தவன். 'நீ நூறு ஒக்டேன் எண்டு விக்கிறது படகுக்காரர் அடிக்கிற மண்ணெண்ணெய்க் கலவை, நாளைக்குக் கிளப்பில போத்திலைக் காட்டுறன்' எண்டவன். காலமை வா, கதைப்பம் எண்டு கூப்பிட்டனான். படகுக்கு முன்னால நிண்டு சப்பாத்தைக் கழட்டினவன்... கோயிலுக்கே கழட்டாதவன், என்ர வெள்ளைத் தரைக்காகக் கழட்டினவன், மேடம்!"

"செத்தவரைக் கராஜுக்குக் கொண்டந்து காரில இருத்தேக்க அதைத் திருப்பிப் போட்டுவிட மறந்திட்டீங்கள்."

"நாலு வருசமா எல்லாருக்கும் கழட்டச் சொல்லிச் சொல்லியே பழகிட்டுது, மேடம்... வெறுங்காலோட ஒராளைக் காணேக்க வித்தியாசமாத் தெரியேல்ல!"

இதுவரை வாயைப் பொத்தி நின்ற அஞ்சலோ திடீரென்று பாய்ந்தான்.

"மண்ணெண்ணெயோ? டேய், என்ர டியூனுக்கு நீ மண்ணெண்ணெயோ ஊத்தினனி? அதுதானோ என்ஜின் தட்டினது? என்ர பேரை நாறடிச்சிட்டியே, துரோகி!"

"நீ பெரிய யோக்கியன்! உன்ர மீற்றர் உண்மையா இருந்திருந்தா என்ர பெற்றோலின்ர வித்தியாசம் முதல் நாளே தெரிஞ்சிருக்கும்! துவாவும் செத்திருக்க மாட்டான்! நீதான்டா கொலைகாரன்!"

"நீதான்டா!"

வீரக்குட்டி இருவருக்கும் நடுவில் வயிற்றை வைத்தார். சண்டை நின்றது.

"ஒருத்தர் இல்லாத சென்சரைப் பூட்டினவர். மற்றவர் இல்லாத ஒக்டேனை ஊத்தினவர்" என்றார் பெருமூச்சோடு. "அந்தப் பாவிப் பெடியனிட்ட உண்மையா இருந்தது வெடிச் சத்தம் மட்டும்தான்."

* * *

மெல்ரோய் ஜீப்பில் ஏறினான். ஏறும்போது பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினான்.

சுதர்ஷிகா அஞ்சலோவின் விலங்கைத் திறந்தாள்.

"கொலைக் கேசில இருந்து நீங்கள் விடுதலை."

அஞ்சலோ வானத்தைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டான். "கடவுளே... மேடம், நீங்கள் என்ர தெய்வம்!"

திரும்பி வாசலைப் பார்த்தான்.

தெய்வ நம்பிக்கை ஆட்டம் கண்டது.

வாசலில் ஒரு வரிசை. இராசமலரின் நேரலையைப் பார்த்துவிட்டு வந்த வரிசை! மூதூரில் இருந்து இப்போதுதான் ஒருவன் வந்து இறங்கினான், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. ஒருவன் கையில் ஸ்பானர். ஒருவன் கையில் ஜக் கம்பி. ஒருவன் தன் காரில் இருந்து கழற்றிய துருப்பிடித்த போல்ட்டையே கொண்டுவந்திருந்தான்.

எல்லோரும் அஞ்சலோவையே பார்த்தார்கள். அதுதான் பயமாக இருந்தது.

அஞ்சலோ விரலால் எண்ணினான். "எட்டு... ஒன்பது... பத்து."

மெல்ல மெல்லப் பின்வாங்கி, இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

"மேடம்... அந்த விலங்கு இன்னும் கையில கிடக்கோ? திருப்பிப் பூட்டுங்கோ, மேடம்! பொலிஸ் ஸ்டேசனில ஒரு கிழமைக்கு என்னை வைச்சிருங்கோ. மூண்டு நேரமும் பாண் தந்தாக் காணும்!"

"எத்தினை கார் எண்டு சொன்னனீங்கள்?"

"பன்ரண்டு, மேடம்."

"வெளியில பத்துப் பேர். ஜீப்புக்குள்ள மெல்ரோய். அது பதினொண்டு. துவாரகன் போயிட்டார்."

"அதோட பன்ரண்டு சரி, மேடம்! வேற ஒருத்தரும்..." அஞ்சலோ நிறுத்தினான். நெற்றியைச் சொறிந்தான். "இல்லை, இல்லை... அங்க ஹெல்மெட்டோட நிக்கிறவர் கார்க்காரர் இல்லை, என்ர மச்சினன். மனுசி அனுப்பியிருக்கிறா. அப்ப ஒராள் குறையுது..."

"யோசியுங்கோ."

"ஆ! போன மாசம் ஒரு நீல ஒல்ரோக் கார் வந்தது, மேடம். பள்ளிக்கூட மாஸ்ரர் ஒருத்தர் கொண்டந்தவர். அப்பாவி மனுசன். மனுசியின்ர பிறந்தநாளுக்குப் பரிசா டியூன் பண்ணிக் குடுக்கப் போறன் எண்டவர். ரெண்டு பிளேன்ரீ குடிச்சவர். அவரால ஒரு பிரச்சினையும் வராது!"

சுதர்ஷிகா மூக்கில் இருந்த கிறீஸை நிதானமாகத் துடைத்தாள்.

"அந்த நீல ஒல்ரோ ஒவ்வொரு நாளும் காலமை எனக்குப் பதினாலு தசம் ஏழு காட்டும், அஞ்சலோ. நானும் சந்தோசமா வேலைக்கு வெளிக்கிடுவன்."

அஞ்சலோவின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"மே... மேடம்... அந்த மாஸ்ரர்..."

"என்ர மனுசன்." தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். "அதால யோசிச்சு முடிவெடுங்கோ. வெளியில நிக்கிறவையிட்ட ஸ்பானர்தான் கிடக்கு. என்னட்ட இடுப்பில துவக்குக் கிடக்கு!"